லீட்டர் அண்ணன் ஓட்டிய தேர்

உலகத்தில் எல்லோரும் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்துகொண்டிருக்க, அது பெரிய தப்பு என்று கண்டுபிடித்த ஒரே மனிதர் எங்கள் லீட்டர் அண்ணன்தான். வட்டவளையிலிருந்து ஹட்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "போக ஒரு லீட்டர், வர முக்கா லீட்டர்" என்பார். போகிற தூரமும் வருகிற தூரமும் எப்படி வேறு வேறாக இருக்கும் என்று யாராவது கேட்டுவிட்டால் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார். ஏற்றமும் இறக்கமும் ஒன்றா என்று ஒரு கேள்வி கேட்பார், அதோடு பேச்சு முடிந்தது. நுவரெலியா அவருக்கு ஐந்து லீட்டர் தூரத்தில் இருந்தது. கொழும்புக்கு இறங்கிப் போக ஒன்பது லீட்டர் போதும்; ஆனால் திரும்பி மலை ஏறி வர ஆகும் டீசலை நினைத்து அவர் கொழும்புக்கே போனதில்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். லைசென்ஸில் இருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. அவருடைய மனைவியே கோபம் வந்தால், "இந்த லீட்டரக் கட்டிக்கிட்டு" என்றுதான் ஆரம்பிப்பார்.

நான் வட்டவளைக்கும் றொசல்லைக்கும் நடுவில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பாதையில் ஒரே ஒரு பஸ் ஓடியது. ஓடியது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அதனால் காலையில் லீட்டர் அண்ணனின் கெப் வண்டிதான் எனக்குக் கதி. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பெட்டி. ஒரு காலத்தில் நீல நிறமாக இருந்த வண்டி. தோட்டத்து மரக்கறியை டவுனுக்குக் கொண்டுபோவதும், கடைச் சாமானைத் தோட்டத்துக்கு ஏற்றிவருவதும் அவர் தொழில்.

முதல் நாள் சந்தியில் நின்று கையைக் காட்டினேன். அந்த இடம் நல்ல ஏற்றம். வண்டி என்னைக் கடந்து, அவசரமே இல்லாமல், நான் ஒரு தந்திக் கம்பம் என்பதுபோலப் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை மட்டும் திரும்பி, "மேல வாங்க சேர், முடக்குக்கு அங்கிட்டு நிப்பேன்" என்றது. பையைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, ரோடு வளைகிற அந்த முடக்கைத் தாண்டி மேட்டின் உச்சிக்கு ஏறிப் போனால் அங்கே வண்டி நிற்கிறது. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுப்பது அவர் அகராதியில் மகா பாவம். மேட்டில் நிறுத்தினால் அடுத்தது இறக்கம். வண்டி தானாகவே கிளம்பும். போகப் போகச் சனங்களே இதைப் புரிந்துகொண்டு மேட்டில் போய் நிற்கத் தொடங்கினார்கள். அங்கே ஒரு முஸ்லிம் நானா தேத்தண்ணிக் கடையே போட்டுவிட்டார்.

வண்டியின் முன் கண்ணாடியில் மற்றவர்கள் சாமி படம் தொங்கவிடுவார்கள். இவர் நூலில் ஒரு சின்ன வெண்கல மணியைத் தொங்கவிட்டிருந்தார். எல்லோரும் அதைப் பக்தி என்று நினைத்தார்கள். பிரேக்கைப் பட்டென்று மிதித்தாலோ வேகத்தை வெடுக்கென்று கூட்டினாலோ மணி அடிக்கும். மணி அடித்தால் டீசல் வீண் என்று அர்த்தம். எங்கள் ரோட்டில் மணி அடிக்காமல் ஓட்ட முடியுமா என்று கேட்டேன். குழிக்கு அடித்தால் கணக்கில்லை என்றார். எந்த மணி குழிக்கு அடித்தது, எது காலுக்கு அடித்தது என்பதை அவர் ஒருவர்தான் சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்வார்.

எடை விஷயத்தில் அவரோடு யாரும் வாயைக் கொடுக்க முடியாது. ரேடியோவைக் கழற்றிவிட்டார். கூரைமேல் இருந்த இரும்புக் கம்பிகளை, காற்று அதில் முட்டி நிற்கிறது என்று அறுத்து எடுத்துவிட்டார். மழை விடாத ஊர் எங்கள் ஊர். ஏறுகிறவர்கள் எல்லாம் குடையை நன்றாக உதறிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒரு நாள் என் பையில் என்ன கனக்கிறது என்று கேட்டார். மத்தியானத்துக்கு நாலு ரொட்டியும் கட்டச் சம்பலும் என்றேன். பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஓடுகிற வண்டியிலேயே நாலு ரொட்டியையும் தின்று முடித்து, பையை விரித்துக் காட்டினேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"பை காலி சேர். வண்டி காலியா?"

அன்றிலிருந்து நான் ரொட்டி கொண்டுபோவதை விட்டுவிட்டேன்.

இறக்கத்தில் மற்ற ஓட்டுநர்கள் எல்லாம் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டு, ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டு வருவார்கள். டீசல் மிச்சம் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். அதைக் கண்டால் இவருக்கு உடம்பெல்லாம் எரியும். கியரில் போட்டபடியே காலை மட்டும் எடுத்தால், உருளுகிற சக்கரமே எஞ்சினைச் சுற்றும், அது டீசல் கேட்காது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தன்பாட்டுக்குக் குடித்துக்கொண்டே இருக்கும், பிரேக்கும் கருகும், கடைசியில் எல்லோரும் நேராக மகாவலி கங்கையில் போய்க் குளிக்க வேண்டியதுதான் என்பார். இதை அவர் எனக்கு மட்டும் சொல்லவில்லை. எதிரே வருகிற லொறியை நிறுத்தி, ஓட்டுகிறவர் சிங்களவராக இருந்தால் சிங்களத்திலும் சொல்லுவார்.

டயரில் காற்றுக் குறைந்த வண்டியைக் கண்டால் அவரால் கடந்துபோக முடியாது. ஒரு நாள் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் ஜீப், ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறது. பின் டயர் இரண்டும் சப்பென்று இருப்பதை இவர் பார்த்துவிட்டார். தன் வண்டியிலிருந்து மிதிப் பம்பை எடுத்துக்கொண்டுபோய், யாரிடமும் சொல்லாமல், ஜீப்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டார். காவல்காரர் ஓடிவந்து, காற்றைப் பிடுங்குகிறான் என்று கையும் களவுமாகப் பிடித்துத் தொரை முன்னால் நிறுத்தினார். பிடுங்கவில்லை, அடித்தேன் என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஊரில் காற்றைத் திருடிப் பிடிபட்டவர்கள் உண்டு. காற்றைக் கொடுத்துப் பிடிபட்டவர் இவர் ஒருவர்தான். பிறகு தொரையே அளந்து பார்த்து, சரி போ என்று விட்டுவிட்டார். போகிற போக்கில் இவர், முன் டயர் இரண்டும் பாக்கி இருக்கிறது என்று ஞாபகப்படுத்திவிட்டுத்தான் போனார்.

முன் சீட்டில் நான் தினமும் உட்கார்ந்ததால் எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. டீசல் முள்ளைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அந்த வண்டியில் சாவியைப் பிடுங்கினாலும் முள் விழாது. கடைசியாகக் காட்டியதைக் காட்டியபடியே நிற்கும். வீட்டில் படுக்கப் போகிறவர் ஒரு தடவை வெளியே வந்து, முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லி அலுத்துக்கொண்டார். டீசல் விஷயத்தில் லீட்டர் அண்ணன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. கூட ஒரு சொட்டுப் போயிருந்தாலும், "இன்னைக்கி என் கால் சரியில்ல சேர்" என்று தானாகவே ஒப்புக்கொள்வார்.

இப்படி ஊரே சிரித்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு காலம் வந்தது. நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற காலம். எண்ணெய் ஷெட்டிலிருந்து தொடங்கி டவுனைச் சுற்றி வண்டிகள் நிற்கும். வரிசை இரண்டடி நகர்ந்தால் எல்லோரும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, இரண்டடி போய், அணைப்பார்கள். இவர் இறங்கினார். கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளால் வண்டியைத் தள்ளினார். டீசல் வாங்க வந்த இடத்தில் டீசலைச் செலவழிக்கலாமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க ஆளுக்கு ஆள் இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள். வேட்டி, சாரம், காற்சட்டை என்று வித்தியாசமில்லாமல் ஒரு டவுனே வண்டி தள்ளியதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் கூட்டம். லொறிக்காரர்கள், வேன்காரர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் நோயாளிகளைப்போல வண்டியோடு வந்து நின்றார்கள். இவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயரைத் தட்டுவார். எஞ்சினின் காற்று வடிகட்டியைக் கழற்றி உதறிக் காட்டுவார். அதிலிருந்து ஒரு தோட்டத்துப் புழுதியே கொட்டும். பின்னால் கிடக்கும் பழைய இரும்பையெல்லாம் தூக்கி வெளியே போடுவார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அநேகமாக எல்லோருக்கும் ஒரே தீர்ப்புத்தான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. நோயி ஒங்க காலுக்குத்தான்."

அந்தப் புகழ்தான் அவரைத் தேரில் கொண்டுபோய் விட்டது.

எங்கள் தோட்டத்தில் இரண்டு பிரிவு. ஆற்றோரமாக இருப்பது கீழ்கணக்கு. ஃபேக்டரியைத் தாண்டி, செங்குத்தான ரோட்டில் முடக்கு முடக்காக ஏறிப் போனால் மேல்கணக்கு. மாரியம்மன் கோயில் கீழ்கணக்கில். திருவிழாவுக்குத் தோட்டத்து லொறியைத் தேராகச் சோடித்து, அம்மனை ஏற்றி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் ஒவ்வொன்றிலும் நிறுத்தி, கடைசியில் மேல்கணக்குக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒரு வருஷம் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. அடுத்த வருஷம் டீசல் இல்லை. இரண்டு திருவிழாவுக்கு அம்மன் மேல்கணக்குப் பக்கம் போகவில்லை. மூன்றாவது திருவிழாவுக்குக் கூட்டம் போட்டபோது மேல்கணக்கிலிருந்து பவளக்கா வந்தார். கொழுந்து எடுக்கிறவர். ஒரு மலையில் நின்று பேசினால் மறு மலையில் நிற்கிறவர் பதில் சொல்லலாம், அப்படிப்பட்ட குரல். இந்தத் தடவையும் தேர் வராவிட்டால் மேல்கணக்கில் தனியாகக் கல் நட்டு, தனியாகத் திருவிழா நடத்துவோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சும்மா மிரட்டல் இல்லை. ஆற்றிலிருந்து கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் வைத்தாகிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டில் பெண் மேல்கணக்கு என்றால் மாப்பிள்ளை கீழ்கணக்கு. சாமி இரண்டானால் கல்யாணம், சாவு, சீர் எல்லாம் இரண்டாகிவிடும். லீட்டர் அண்ணன் பெண் கட்டியதே மேல்கணக்கில்தான். திருவிழாவை நடத்துகிற தோட்டத் தலைவர் முகத்தில் களையே இல்லை. லொறி கொழுந்து ஏற்ற மட்டும்தான் என்று ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். டீசலோடு நின்ற ஒரே வண்டி லீட்டர் அண்ணனுடையது. அளந்து கொடுத்த டீசலை அவர் எப்படியோ மிச்சம் பிடித்து வைத்திருந்தார்.

தலைவர் அந்த வண்டியைத் தேருக்குக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். லீட்டர் அண்ணன் விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "ஆத்தா எவ்வளவு எடை இருப்பாங்க?" என்று கேட்டார். பூசாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். இவர் பதறிப்போய், அம்மனைச் சொல்லவில்லை, பீடத்தையும் அலங்காரத்தையும் சொன்னேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, தன் கீச்சுக் குரலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, அம்மனை மேல்கணக்கில் கொண்டுபோய் இறக்குவது தன் பொறுப்பு என்றார். ஒரு மனிதர் அவ்வளவு டீசலை மொத்தமாக ஒரே வாக்கில் கொடுத்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

சோடனை வேலை அவர் மேற்பார்வையில் நடந்தது. மூங்கில் தோரணத்தை முன்பக்கம் சாய்வாகக் கட்டச் சொன்னார், காற்று வழுக்கிக்கொண்டு போகுமாம். தேர் ஊர்ந்துதானே போகப்போகிறது, காற்று எங்கே வந்தது என்று கேட்டேன். "பழக்கம் சேர்" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஜெனரேட்டர் ஏற்றக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். அது இரண்டு ஆள் கனம், அதுவும் தனியாக டீசல் குடிக்கும். ஒலிபெருக்கிக்கும் சோடனை பல்புகளுக்கும் வண்டி பேட்டரியிலிருந்தே வயர் இழுத்துக்கொள்ளலாம் என்றார். டீசலைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர் சொல்கிறார் என்று எல்லோரும் தலையாட்டினோம்.

தேர் கிளம்பியது. பெட்டியில் அம்மன், பக்கத்தில் பூசாரி, அவருக்குப் பக்கத்தில் வண்டியின் பின் டயர்களை அமுக்கிக்கொண்டு தலைவர். முன்னால் லீட்டர் அண்ணனும் நானும். அன்று பனிமூட்டம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அதனால் பகலிலேயே பல்புகள் எரிந்தன, பாட்டு ஓடியது. தப்பு மேளச் சத்தத்தில் லயத்துக் கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஒவ்வொரு லயத்திலும் தேர் நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தட்டு வைப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள், சூடம் காட்டுவார்கள். ஒரு லயத்தைத் தாண்டவே வெகுநேரம் ஆகும். அம்மன் ஏறிய வண்டியின் எஞ்சினை நடுவழியில் அணைக்கும் வழக்கம் இல்லை. லீட்டர் அண்ணன் முதல் லயத்திலேயே அணைத்துவிட்டார்.

பூசாரி திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார். இவர் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டே, "வெளக்கு அணையாம நீங்க பாத்துக்கங்க சாமி, எஞ்சின நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அப்படியே அணைத்து அணைத்து எடுத்துக்கொண்டு போனோம். நான் முள்ளைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தப் போக்கில் போனால் மேல்கணக்குக்கு இன்னொரு தடவையும் போய்வரலாம் என்றார். மணிகூட அடிக்கவில்லை. எனக்கும் அந்த வெறி தொற்றிக்கொண்டு, அடுத்த லயத்தில் நானே, "அணைங்க அண்ணே, அணைங்க" என்று அவசரப்படுத்தினேன்.

ஃபேக்டரி தாண்டி ஏற்றம் தொடங்கியது. கெப் முக்கி முனகி ஒவ்வொரு முடக்காக ஏறியது. கடைசி முடக்கில், பனியைக் கிழித்துக்கொண்டு மேல்கணக்குச் சனம் முழுக்க வந்து நிற்கிறது. நடுரோட்டில் நிறைகுடம். ஆரத்தித் தட்டோடு பவளக்கா. வாழ்க்கையில் முதல் தடவையாக லீட்டர் அண்ணன் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினார். அன்று முழுவதும் பழகிய கை, சாவியையும் திருப்பிவிட்டது.

ஆரத்தி எடுத்தார்கள். இரண்டு வருஷத்து ஆரத்தியையும் சேர்த்து எடுத்தார்கள். அது முடிந்ததும் இவர் சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். அந்த டிக்கும் இல்லை. பின்னால் பல்புகள் சிவந்து, ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்த அம்மாளின் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாகி, கரகரத்து, நின்றுபோனது. டீசல் முள் மட்டும் நிமிர்ந்து நின்றது.

லீட்டர் அண்ணன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு லயத்திலும் எஞ்சினை அணைத்துவிட்டு, பாட்டையும் விளக்கையும் ஓடவிட்டு, பேட்டரியை உறிஞ்சிவிட்டோம் என்பது அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. எஞ்சின் ஓடினால்தானே பேட்டரி ஏறும். டீசலை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து, மிச்சம் பிடித்த டீசலோடு நடுரோட்டில் நின்றோம்.

தலைவர் இறங்கி வந்தார். வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு மேலே வரலாம் என்றார். நல்ல யோசனைதான். நாலு பேர் வண்டியின் மூக்கைப் பிடித்துத் திருப்பப் போனார்கள். அவ்வளவுதான், மேல்கணக்குச் சனம் கொதித்துவிட்டது. தேரைத் திருப்புகிறார்கள் என்று ஒரு கூச்சல். அம்மனின் முகம் ஒரு லயத்தைப் பார்த்துவிட்டால், அங்கே இறங்கிப் பூசை வாங்காமல் திரும்பக் கூடாது. பவளக்கா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். அன்று அவர் குரல் உயரவே இல்லை.

"ரெண்டு வருசம் வராத ஆத்தா, வாசலு வரைக்கும் வந்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனா, நாளைக்கு நாங்க கீழ வந்து யாரு மொகத்துல முழிக்கிறதுங்க?"

லீட்டர் அண்ணன் இறங்கினார். திருப்ப வேண்டாம், ரிவர்ஸ் கியரில் போட்டுப் பின்னால் உருட்டினாலும் எஞ்சின் எடுக்கும், அம்மன் முகம் உங்களைப் பார்த்தபடியே இருக்கும் என்று கெஞ்சினார். ஒரு அடி பின்னால் போனாலும் போனதுதான் என்றார் பவளக்கா. கீழ்கணக்குக்காரர்கள் வண்டிக்குப் பின்னால் ஒரு கூட்டம், மேல்கணக்குக்காரர்கள் முன்னால் ஒரு கூட்டம். நடுவில் அம்மன். அந்த நிலையில் யாராவது ஒருவர் ஒரு தப்பு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் தோட்டம் அன்றே இரண்டாகியிருக்கும்.

லீட்டர் அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"டீசல் இருக்குங்க. ஆத்தா வர்றதுக்கு ஒரு கொறையும் வைக்கல. நாந்தான் மிச்சம் புடிக்கிறேன்னு பேட்டரியக் கொன்னுட்டேன். தப்பு என்னுது. கீழ்கணக்குச் சனத்து மேல கோவப்படாதீங்க."

பிறகு பவளக்கா திரும்பிப் பார்த்து, வருஷப் பிறப்பு விளையாட்டுக்குக் கயிறு இழுக்கிற அந்தப் பெரிய கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார். எஞ்சின் இல்லாவிட்டால் என்ன, தேர் என்றால் இழுக்கத்தானே வேண்டும் என்றார்.

கயிறு வந்தது. முன் பம்பரில் கட்டினார்கள். லீட்டர் அண்ணனுக்குப் போன உயிர் திரும்பிவிட்டது. எடையைக் குறைக்கும் உற்சாகத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினார். உடைத்த தேங்காய், வாழைப்பழம், பூசணிக்காய் எல்லாவற்றையும் இறக்கி ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். தலைவரை இறங்கச் சொன்னார். பல வருஷமாக அவரிடம் அதைச் சொல்லக் காத்திருந்ததுபோல, இரண்டு தடவை சொன்னார். கடைசியில் தானும் ஒரு எடைதான் என்று கண்டுபிடித்துவிட்டார். தான் வெளியே நடந்துகொண்டே ஜன்னல் வழியாக ஸ்டீரிங்கைப் பிடிப்பதாகவும், நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கில் கால் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு ஓட்டத் தெரியாது என்று அலறினேன்.

"நடுவுல இருக்கறத மட்டும் மிதிங்க சேர். வலது பக்கத்துல டீசலக் குடுக்கறத தொட்றாதீங்க. எஞ்சின் ஓடலேன்னாலும் என் மனசு கேக்காது."

மேல்கணக்குச் சனம் கயிற்றைப் பிடித்து இழுத்தது. வண்டி அசைந்தது, இரண்டடி ஏறியது, நின்றது. வழுக்குகிற ரோடு. வண்டி பின்னால் நழுவப் பார்த்தது. நான் பிரேக்கை மிதித்து, சீட்டிலிருந்து எழுந்து நின்றே மிதித்தேன். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் எடுங்கள் என்று கத்தினார்கள். ரோட்டோரத்தில் கிடந்ததெல்லாம் பொடிக் கற்கள். அப்போது பவளக்கா, பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம், மரத்தடியில் இருக்கிற அந்தக் கல்லைத் தூக்கி வரச் சொன்னார். எந்தக் கல் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். பூசாரி வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். தனிச் சாமிக்கு என்று ஆற்றிலிருந்து கொண்டுவந்த கல், எங்கள் கெப்பின் பின் சக்கரத்துக்கு முட்டாக வந்து உட்கார்ந்தது.

அதைப் பார்த்த பிறகு கீழ்கணக்குக்காரர்கள் சும்மா நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் தோள் கொடுத்தார்கள். தலைவர்தான் முதல் தோள். முன்னால் மேல்கணக்கு இழுக்க, பின்னால் கீழ்கணக்கு தள்ள, தப்பு அதிர, குலவை வானத்தை முட்ட, தேர் ஏறியது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அந்தக் கல் பின்னாலேயே வந்தது. லீட்டர் அண்ணன் வெறும் காலோடு வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு, ஒரு கையால் ஸ்டீரிங்கை வளைத்தபடி, கண்ணாடியில் தொங்கிய மணியையே பார்த்துக்கொண்டு வந்தார். அது கடைசி வரைக்கும் அடிக்கவில்லை.

அந்தி சாயும் நேரத்தில் அம்மன் மேல்கணக்கில் இறங்கினார். பவளக்கா அழுதார், தலைவர் அழுதார். லீட்டர் அண்ணனும் அழுதுகொண்டே என்னிடம் வந்து, ரகசியம்போல, "அந்த முடக்குலேருந்து இங்க வரைக்கும் ஒரு சொட்டு போகல சேர்" என்றார். அன்று எதிர்ப்பட்ட எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த திருவிழாவுக்கு டீசல் தாராளமாகக் கிடைத்தது. தோட்டத்து லொறியும் தருகிறேன் என்றார்கள். சனங்கள் லீட்டர் அண்ணனின் கெப்தான் வேண்டும் என்றார்கள். புதுப் பேட்டரி போட்டிருந்தார். ஜெனரேட்டரையும் அவரே ஏற்றினார். லயங்களில் எஞ்சினை அணைக்கவே இல்லை. அது சும்மா நின்று குடிப்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். ஃபேக்டரி தாண்டி, ஏற்றம் ஏறி, அந்தக் கடைசி முடக்குக்கு வந்தோம். ரோட்டோரத்தில் அந்தக் கல் கிடந்தது. மேல்கணக்குச் சனம் அங்கே வந்து நின்றிருந்தது. கயிற்றையும் கொண்டுவந்திருந்தார்கள், ஆனால் அதை யாரும் நீட்டவில்லை; கையில் சுருட்டிப் பிடித்தபடி, வண்டி தன்பாட்டில் ஏறிப் போய்விடுமோ என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லீட்டர் அண்ணன் வண்டியை நிறுத்தினார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். என்ன ஆயிற்று என்று பின்னாலிருந்து தலைவர் இறங்கி வந்தார்.

"டீசல் முடிஞ்சிரிச்சிங்க" என்றார் லீட்டர் அண்ணன், ரோட்டை நேராகப் பார்த்துக்கொண்டு.

முள் பாதிக்கு மேலே நின்றது. டீசலைப் பற்றி அந்த மனிதர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். சரியாகச் சொல்லக்கூடத் தெரியவில்லை, காது மடல் சிவந்துபோயிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வெளியே கயிறு அவிழும் சத்தம் கேட்டது. தலைவர் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினார். நான் சோம்பல் முறிப்பதுபோலக் கையை நீட்டி, முள்ளை மறைத்துக்கொண்டேன்.